‘ஹன்’ என்றால் 54620

கொரியாவில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய காட்சி இது. ஒருவர் மேக் கணினியில் ஒரு கோப்புக்குக் கொரிய மொழியில் பெயர் வைத்து மின்னஞ்சலில் அனுப்புகிறார். விண்டோஸ் கணினியில் அதை இறக்குபவருக்குப் பெயர் உதிர்ந்து போய் வருகிறது. கொரிய எழுத்தின் பெயரான ‘ஹங்குல்’ என்ற சொல் இரண்டே கட்டமாக, ‘ஹன்’ ஒன்று, ‘குல்’ ஒன்று என்று நிற்க வேண்டும். அதற்குப் பதில் ஹ், அ, ன், க், உ, ல் என ஆறு துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. எழுத்து எதுவும் தொலையவில்லை, மாறவுமில்லை. கூடி நிற்க வேண்டியவை கலைந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

இந்தச் சின்னக் கலைசலுக்குப் பின்னால் கொரிய எழுத்து கணினிக்குள் வந்த முழு வரலாறும் இருக்கிறது. கணினி எதை ஓர் ‘எழுத்து’ என்று எண்ண வேண்டும்? தனித்தனி மெய்யையும் உயிரையுமா, அவை சேர்ந்து நிற்கும் கட்டத்தையா? கொரியர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு முறை அல்ல, பல முறை பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலும் எங்கேயோ ஒரு தழும்பை விட்டுப் போயிருக்கிறது.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். ஜோசொன் அரசர் செஜொங் 1443இல் இதை உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்தார். அப்போது 28 எழுத்து. இன்று அடிப்படை எழுத்து 24: மெய் 14, உயிர் 10. இவற்றை ஜாமோ என்பார்கள். ஆனால் ஜாமோக்களைக் கொரியர்கள் வரிசையாக எழுதிக்கொண்டே போவதில்லை. ஓர் அசைக்கு உரியவற்றை ஒரு சதுரத்துக்குள் அடுக்குகிறார்கள். ‘ஹன்’ எப்படி இருக்கும் என்று பாருங்கள். மேலே இடப்பக்கம் ஹகர மெய்; சின்ன வட்டம் ஒன்று, அதன் தலையில் இரண்டு கோடு, தொப்பி போட்டது போல. அதற்கு வலப்பக்கம் நெட்டுக்கோடு ஒன்று, நடுவில் ஒரு குட்டிக் கோடு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அகர உயிர். இரண்டுக்கும் கீழே, அடித்தளம் போல, கிட்டத்தட்ட நம் டகரத்தின் வடிவில் ஒரு கோடு. அது னகர மெய். மூன்றும் சேர்ந்து ஒரே சதுரம்.

‘குல்’ இன்னொரு விதம். அதன் உயிர் ஒரு படுக்கைக் கோடு, ஆகவே மெய்யின் பக்கத்தில் நிற்காமல் அடியில் படுத்துக்கொள்ளும். அந்த உயிரின் ஒலியைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். உதடு குவியாமல் வரும் உகரம், நம் குற்றியலுகரத்துக்கு அப்படியே பக்கத்து வீடு.

அசையின் தலையில் நிற்கும் மெய்கள், அழுத்தி ஒலிக்கும் இரட்டை மெய்களையும் சேர்த்து 19. நடுவில் வரும் உயிர்கள், கூட்டு உயிர்களோடு 21. கடைசியில் வரும் மெய்யும் மெய்க்கூட்டும் 27. கடைசி மெய்யே இல்லாமல் முடிவதும் உண்டு என்பதால் 28 வாய்ப்பு. 19, 21, 28 மூன்றையும் பெருக்கினால் 11,172. இக்காலக் கொரிய மொழியில் எழுதக்கூடிய மொத்தக் கட்டங்கள் இவை. இவற்றில் பலவற்றை யாரும் வாழ்நாளில் ஒரு முறைகூட எழுதியிருக்க மாட்டார்கள். எழுத முடியும் என்பதுதான் இங்கே முக்கியம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வரும்.

1980களில் கொரியாவில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை, வைத்திருந்தது. அவற்றை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒன்று ஜோஹாப், அதாவது சேர்ப்பு முறை. இன்னொன்று வான்சொங், அதாவது முன்பே செய்து முடித்த கட்டங்களை எண்ணிட்டு அடுக்கும் முறை.

ஜோஹாபின் கணக்கு எளிமையும் அழகும் சேர்ந்தது. ஒரு கட்டத்துக்கு இரண்டு பைட், அதாவது 16 பிட் (பிட் ஒவ்வொன்றும் 0 அல்லது 1). முதல் பிட், இது ஆங்கில எழுத்து இல்லை என்று சொல்லும் கொடி. மீதி 15ஐ ஐந்து ஐந்தாகப் பிரித்துவிடு: முதல் மெய்க்கு ஐந்து, உயிருக்கு ஐந்து, கடைசி மெய்க்கு ஐந்து. ஐந்து பிட்டில் 32 வேறுபாடு காட்டலாம். தேவையோ 19, 21, 28. மூன்றுமே வசதியாக அடங்கிவிடும். ‘ஹன்’ என்பதை 1, 10100, 00011, 00101 என்று எழுதுவார்கள். கொடி, அப்புறம் 20ஆம் எண் ஹகரம், 3ஆம் எண் அகரம், 5ஆம் எண் னகரம். காலியிடத்துக்கும் எண் ஒதுக்கியிருப்பதால் எழுத்துகள் ஒன்றிலிருந்து தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்குகின்றன. பதினாறு பிட்டை அப்படியே கண்ணால் வாசித்து அசையைச் சொல்லிவிடலாம். எழுத்தை உருவாக்கியவர் எப்படி யோசித்தாரோ அதே வழியில் கணினியையும் யோசிக்க வைத்த முறை என்று இதைச் சொல்வேன்.

ஆனால் 1987இல் அரசு தரநிலையாக அறிவித்தது மற்றதை. அதன் பெயர் கேஎஸ் சி 5601. அன்றைய பன்னாட்டுத் தரநிலைகளின்படி, இரண்டு பைட் எழுத்துத் தொகுப்பு 94 வரிசை, வரிசைக்கு 94 இடம் என்ற சட்டத்துக்குள் அமைய வேண்டும். சில எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு என்று விலக்கி வைக்கப்பட்டவை, தொடவே கூடாது. ஜோஹாபின் எண்கள் இந்த வேலியைத் தாண்டி எங்கும் பரவிக் கிடந்தன. கணினிகள் கம்பி வழியே பேசிக்கொள்ளும்போது வழியில் இருக்கும் கருவிகள் அவற்றைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்ற கவலை நியாயமானது. வான்சொங்கைத் தேர்ந்தவர்களுக்கும் காரணம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தில் மொத்த இடம் 94 பெருக்கல் 94, அதாவது 8,836. முழுவதையும் ஹங்குலுக்கே கொடுத்தாலும் 11,172 அடங்காது. குறியீடுகள் வேண்டும், எண்கள் வேண்டும், ஹஞ்சா எனும் சீன எழுத்துகளும் வேண்டும். ஆகவே 25 வரிசையை ஹங்குலுக்கு ஒதுக்கினார்கள். 25 பெருக்கல் 94, 2,350. கொரிய மொழிக்கு 2,350 கட்டம் போதும் என்று யாரோ மொழியைத் துருவிக் கண்டுபிடித்த எண் போல இது பல இடங்களில் சொல்லப்படும். பெருக்கிப் பார்த்தால் உண்மை தெரியும்: அட்டவணையில் கிடைத்த இடத்தின் அளவு அது. அந்த இடத்துக்குள் அதிகம் புழங்கும் அசைகளை நிரப்பினார்கள்.

ஹஞ்சாவுக்குக் கிடைத்தது 52 வரிசை, 4,888 எழுத்து. இதில் எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே சீன எழுத்துக்குக் கொரிய மொழியில் இரண்டு மூன்று வாசிப்பு இருந்தால், ஒவ்வொரு வாசிப்புக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். இசை, மகிழ்ச்சி என்று பொருள்படும் எழுத்து ஒன்று நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இப்படி இரட்டிப்பாகப் போனவை மட்டும் 268. சொந்த மொழியின் அசைகள் எட்டாயிரத்துக்கு மேல் வாசலுக்கு வெளியே நின்றபோது, ஒரே வடிவம் நான்கு நாற்காலி பிடித்திருந்தது.

வெளியே நின்றவை எவை? அன்றாட எழுத்தில் அரிதாக வருபவைதான். ஆனால் அரிது என்பது இல்லை என்று ஆகாது. 1990இல் எம்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு தொடரின் பெயர் ‘ட்டொம்’ என்ற அசையில் தொடங்கியது. அந்த அசை 2,350இல் கிடையாது. நாடே பார்க்கும் ஒரு தொடரின் தலைப்பை நாட்டின் தரநிலைக் குறியாக்கத்தில் எழுத முடியவில்லை. கட்டத்தை உடைத்து ‘ட்டொ’ என்று ஒரு கட்டமும் பக்கத்தில் தனி மகர மெய்யுமாகப் போட்டு ஒப்பேற்ற வேண்டியிருந்தது. நிரலாளர்கள் சோதனைக்கு என்றே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: ஜீப்பில் ஏறி வந்த பெப்சி மனிதரும் குட்டைக்கால் ட்டொம்பாங் பெரியவரும், என்பது போல அதன் பொருள். பொருளில் ஒன்றுமில்லை. அதில் வரும் நான்கு அசைகள் 2,350க்கு வெளியே இருப்பவை, அதற்காகவே கோத்தது. ஒரு மென்பொருளில் இந்த வாக்கியம் சேதாரமில்லாமல் வந்தால், அது பழைய சட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளவில்லை என்று அறியலாம்.

தொடர் முடிந்துவிடும், பெயர் முடியாது. தன் பெயரில் அப்படியொரு அசை இருப்பவர், படிவத்தில் பெயர் சிதைவதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருந்தது. பெற்றோர் வைத்த பெயரை எழுதும் உரிமைகூட ஓர் அட்டவணையின் வரிசை எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், அதை வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தரநிலையிலேயே ஒரு கொல்லைப்புற வழியும் இருந்தது. நிரப்புக் குறி ஒன்று, பின்னால் முதல் மெய், உயிர், கடைசி மெய் என்று நான்கு குறிகளை எட்டு பைட்டில் எழுதினால் இல்லாத கட்டத்தைக் குறிக்கலாம். ஆனால் அதைப் படித்துக் கட்டமாக்கிக் காட்டும் மென்பொருள் அரிதாகவே இருந்தது. 1992 திருத்தத்தில் ஜோஹாபையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். இதற்கிடையே 1989இல் வெளிவந்த ‘ஆரே ஆ ஹங்குல்’ என்ற உரைத்தொகுப்பான் ஜோஹாப் வழியில் போய் எல்லாக் கட்டங்களையும் எழுத விட்டது. மக்கள் அதைக் கொண்டாடியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

கட்டங்களை எண்ணிடுவது ஒரு பாடு, வரைவது இன்னொரு பாடு. ஒரே ககர மெய்யானாலும், பக்கத்தில் நெட்டுக்கோட்டு உயிர் நின்றால் ஒல்லியாகும், கீழே படுக்கைக்கோட்டு உயிர் வந்தால் அகலமாகும், அடியில் இன்னொரு மெய் வந்தால் குள்ளமாகும். நினைவகம் சிறியதாக இருந்த நாட்களில், ஒவ்வொரு முதல் மெய்க்கும் எட்டு வடிவம், உயிருக்கு நான்கு, கடைசி மெய்க்கு நான்கு என்று வரைந்து வைத்து, தேவைக்குத் தகுந்தபடி ஒட்டவைத்தார்கள். சில நூறு துண்டு வடிவங்களை வைத்துக்கொண்டு பதினோராயிரம் கட்டமும் திரையில் வந்தது.

விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் வேறொரு வழி எடுத்தது. 2,350 இருந்த இடத்திலேயே இருக்கட்டும், விட்டுப்போன 8,822ஐயும் அட்டவணையின் காலி மூலைகளில் திணிக்கலாம் என்றது. இதுதான் சிபி 949. எல்லாக் கட்டமும் வந்துவிட்டது, நல்லது. ஆனால் வரிசை குலைந்தது. 2,350 அகராதி வரிசையில் இருந்தன; புதிதாக வந்தவற்றில் பல அவற்றுக்கு முந்தைய எண்களில் போய் உட்கார்ந்தன. எண்ணை வைத்து அகரவரிசைப்படுத்தினால் ‘ட்டொம்’ முதல் அசையான ‘கா’வுக்கும் முன்னால் வந்து நிற்கும். இன்றும் ஒரு பழைய கொரிய இணையப் பக்கம் தன்னை இயூசி-கேஆர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால், அதாவது 2,350 மட்டும் உள்ள குறியாக்கம் என்று சொன்னால், உலாவிகள் அதைச் சிபி 949 என்றே எடுத்துப் படிக்கின்றன. அப்படித்தான் இணையத் தரநிலையும் சொல்கிறது.

இப்போது யூனிகோடுக்கு வருவோம். உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் பட்டியல் என்ற கனவோடு 1991இல் முதல் பதிப்பு வந்தது. கொரிய மொழிக்கு அதில் கிடைத்தது அதே 2,350 கட்டம். 1993இல் பதிப்பு 1.1 இன்னும் 4,306ஐச் சேர்த்தது, மொத்தம் 6,656. இன்னும் 4,516 வெளியே. சேர்த்தவையும் துண்டு துண்டாகத் தொடர்ச்சியில்லாமல் இருந்தன. கொரியத் தரப்பு கேட்டது இதுதான்: 11,172ஐயும் ஒரே இடத்தில், அகராதி வரிசையில், ஒரே மூச்சில் கொடுங்கள்.

அது சிறிய கோரிக்கை இல்லை. அன்று யூனிகோடு என்றால் 65,536 இடம்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரு மொழிக்கு அதில் 17 சதவீதம். அதைவிடப் பெரிய சிக்கல், முன்பே எண் கொடுத்த 6,656 கட்டங்களையும் பழைய இடத்திலிருந்து பிடுங்கிப் புது இடத்தில் நட வேண்டும். எண்களை மாற்றினால் பழைய எண்களில் எழுதப்பட்ட ஆவணமெல்லாம் குப்பையாகும். யூனிகோடில் எழுதிய கொரிய ஆவணங்களோ, அதைக் கையாளும் மென்பொருள்களோ அப்போது இல்லை என்ற வாதத்தின் மேல்தான் அந்த மாற்றம் நிறைவேறியது. 1996 ஜூலையில் வந்த பதிப்பு 2.0இல் கொரிய மொழி முழுவதும் 44032இலிருந்து 55203 வரை குடியேறியது. காலியான பழைய இடம் 1999இல் அரிய சீன எழுத்துகளுக்குப் போனது. 1.1 காலத்துக் கொரியக் கோப்பு ஒன்று இன்று எங்கிருந்தாவது கிடைத்தால், திரையில் யாருக்கும் புரியாத சீன எழுத்துகள்தான் பெரும்பாலும் தெரியும்.

இந்த இடமாற்றத்துக்குக் ‘கொரியக் குழப்பம்’ என்றே பெயர் வந்துவிட்டது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8ஐ வரையறுக்கும் 2003ஆம் ஆண்டு இணைய ஆவணம் அந்தப் பெயரைச் சொல்லி, இப்படியொரு மாற்றத்தை இனி ஒருபோதும் செய்வதில்லை என்று குழுக்கள் உறுதியளித்திருப்பதையும் பதிவு செய்கிறது. பதிப்பு 2.0க்குப் பிறகு எந்த எழுத்தும் இடம் மாறாது, நீக்கப்படாது என்பது யூனிகோடின் கொள்கை. நாம் இன்று எழுதும் ஒவ்வொரு எழுத்தும் நாளை வேறொன்றாக மாறாது என்ற நிம்மதிக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது அந்த ஓர் இடமாற்றம்.

தமிழ்க் கணிமை விவாதங்களைப் பின்தொடர்ந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ‘கொரியருக்குப் பதினோராயிரம் இடம் கொடுத்தார்கள், நமக்கு 128 இடம் உள்ள ஒரு பெட்டி’ என்ற ஆதங்கம் நமக்குப் புதிதல்ல. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16ஐ 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரநிலையாக ஏற்றதன் பின்னாலும் இந்த ஆதங்கம் உண்டு. ஆதங்கம் உண்மையானது. ஆனால் கதவு சாத்தப்பட்டது 1996இல். சாத்தக் காரணமாக இருந்ததும் கொரியரின் அதே இடமாற்றம்தான். இனி எந்த மொழிக்கும் எண்களை மாற்றி அடுக்க மாட்டோம் என்ற வாக்குறுதி தமிழுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இதில் இன்னொன்றும் உண்டு. கொரியர்கள் கட்டங்களைக் கேட்டபோது அவர்களின் நாட்டுத் தரநிலையே கட்டங்களால் ஆனதாக இருந்தது. தமிழின் யூனிகோடு அட்டவணையோ, எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் செய்த இஸ்கி தரநிலையிலிருந்து வந்தது. இரண்டு மொழிகளும் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே வந்தன.

சரி, 11,172 கட்டத்தைக் கேட்டு வாங்கியதால் என்ன கிடைத்தது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது.

கட்டங்கள் ஒழுங்கான அகராதி வரிசையில், ஓர் இடைவெளிகூட இல்லாமல் நிற்பதால், எந்தக் கட்டத்தின் எண்ணையும் அட்டவணை பார்க்காமல் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். முதல் மெய்களுக்கு 0 முதல் 18 வரை எண் கொடுங்கள். உயிர்களுக்கு 0 முதல் 20. கடைசி மெய்களுக்கு 1 முதல் 27. கடைசி மெய் இல்லையென்றால் 0. முதல் மெய்யின் எண்ணை 588ஆல் பெருக்குங்கள் (21 உயிர், ஒவ்வொன்றுக்கும் 28 முடிவு, ஆக 588). உயிரின் எண்ணை 28ஆல் பெருக்குங்கள். கடைசி மெய்யின் எண்ணை அப்படியே கூட்டுங்கள். மொத்தத்தோடு 44032ஐச் சேருங்கள்.

‘ஹன்’ போட்டுப் பார்ப்போம். ஹகரம் கடைசியில் நிற்பது, எண் 18. 18ஐ 588ஆல் பெருக்கினால் 10584. அகரம் முதல் உயிர், எண் 0. கடைசி னகரம் 4. மொத்தம் 10588. 44032ஐக் கூட்டினால் 54620. ‘குல்’: ககரம் 0, படுக்கைக்கோட்டு உயிர் 18, அதை 28ஆல் பெருக்க 504, கடைசி லகரம் 8. ஆக 512, 44032ஐக் கூட்ட 44544. ஹங்குல் என்ற சொல் கணினிக்குள் 54620, 44544 என்ற இரண்டு எண். காகிதத்தில் பெருக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகூட இதைக் கண்டுபிடித்துவிடும்.

பின்னாலிருந்தும் வரலாம். 54620இல் 44032ஐக் கழித்து 588ஆல் வகுத்தால் ஈவு 18, முதல் மெய் ஹகரம். மீதி 4. அதை 28ஆல் வகுத்தால் ஈவு 0, அகரம். மீதி 4, னகரம். கட்டம் உடைந்து மூன்று எழுத்தாகிவிட்டது. ஜோஹாப் பிட்டுகளால் செய்ததை இங்கே பெருக்கலும் வகுத்தலும் செய்கின்றன. கட்டமா எழுத்தா என்று பத்து வருடம் நடந்த சண்டையில், தோற்றவர்களின் எண்ணம் வென்றவர்களின் அட்டவணைக்குள்ளேயே கணக்காகக் குடிபுகுந்துவிட்டது. யூனிகோடின் எழுத்துத் தரவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். பல எழுத்துகளுக்கு ஆளுக்கு ஒரு வரி இருக்கும். 11,172 ஹங்குல் கட்டத்துக்கு இரண்டே வரி: முதல் கட்டம், கடைசிக் கட்டம். நடுவில் உள்ளதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் மேக் கோப்பின் பெயர் ஏன் உதிர்ந்தது? ஏனென்றால் யூனிகோடு கட்டத்தை மட்டும் ஏற்கவில்லை, தனி ஜாமோக்களையும் ஏற்றது. சேர்ந்து கட்டமாகக்கூடிய ஜாமோக்களுக்கு 4352 முதல் 4607 வரை தனி இடம் உண்டு. அதன்படி ‘ஹன்’ என்பதை 4370, 4449, 4523 என்றும் எழுதலாம். 54620 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம். யூனிகோடின் பார்வையில் இரண்டும் ஒன்றே. கண்ணுக்கும் ஒன்றாகத்தான் தெரிய வேண்டும். தமிழில் ‘கொ’வின் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாலும் எழுதலாம், கொம்பும் காலுமாக 3014, 3006 என்றும் எழுதலாம். அதே விஷயம்தான்.

மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களை எப்போதும் பிரித்த வடிவில் சேமித்தது. ஒரே பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டுக் குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டது, அதில் தப்பில்லை. விண்டோஸ் தனக்குக் கொடுத்த எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும். அங்கே காட்டும் மென்பொருளுக்கோ எழுத்துருவுக்கோ ஜாமோக்களைக் கூட்டிக் கட்டமாக்கத் தெரியாவிட்டால் துண்டுகள் வரிசையாக நிற்கும். கூட்டிக் காட்டத் தெரிந்திருந்தாலும் தொல்லை ஓயாது. ஒரே பெயரில் இரண்டு கோப்பு ஒரே உறையில் இருப்பது போலத் தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. நீளமும் மாறும். யுடிஎஃப்-8இல் ‘ஹங்குல்’ இரண்டு கட்டமாக 6 பைட். பிரித்தால் 18 பைட்.

தொல்லையை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அந்த டகர வடிவ னகர மெய்க்கு யூனிகோடில் எத்தனை எண்? அசையின் தலையில் நின்றால் 4354. கடைசியில் நின்றால் 4523. எதோடும் சேராமல் தனியாக நின்றால் 12596. இது 1987 தரநிலையோடு ஒத்துப்போவதற்காக வைத்தது. பாதி அகல எழுத்தாகத் திரையில் வர 65444. கண்ணுக்கு ஒரே கோடு, எண் நான்கு. கொரிய இளைஞர்கள் அரட்டையில் சிரிப்பைக் காட்ட மூச்சோடு ஒலிக்கும் ககர மெய் ஒன்றை ‘க்க்க்’ என்று வரிசையாகத் தட்டுவார்கள். அது மூன்றாவது வகை, தனியாக நிற்கும் ஜாமோ. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை உள்ளதே கொரிய எழுத்து என்று நினைத்து எழுதிய நிரல், நாட்டில் அதிகம் தட்டப்படும் அந்தச் சிரிப்பைக் கொரிய எழுத்தாகவே ஏற்காது.

விசைப்பலகையில் இந்தச் சேர்தலும் பிரிதலும் கண் முன்னாலேயே நடக்கும். இன்று எல்லோரும் பயன்படுத்தும் இருபிரிவு விசைப்பலகையில் இடக்கைப் பக்கம் மெய், வலக்கைப் பக்கம் உயிர். முதல் மெய்க்கும் கடைசி மெய்க்கும் ஒரே விசை. ‘கனா’ என்று தட்டப் போகிறீர்கள். க், அ, ன் வரை தட்டியதும் திரையில் ‘கன்’ என்று ஒரே கட்டம் நிற்கும். அடுத்து உயிரைத் தட்டியதும் அந்த னகரம் கட்டத்தைவிட்டுக் குதித்து அடுத்த கட்டத்தின் தலைக்குப் போய்விடும். இப்படி எழுத்து இடம் தாவுவதற்குக் கொரியர்கள் வைத்த பெயர் ‘டொக்கேபி புல்’, நம் ஊர்க் கணக்கில் கொள்ளிவாய்ப் பிசாசு. 1949இலேயே கண் மருத்துவர் கொங் பியொங் வூ செய்த மும்பிரிவுத் தட்டச்சில் முதல் மெய், உயிர், கடைசி மெய் மூன்றுக்கும் தனித்தனி விசை. அதில் பிசாசு வராது. அதன் வழிவந்த விசைப்பலகையை விடாமல் தட்டுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 1982இல் தரநிலையானது இருபிரிவே.

பழைய எழுத்துகளின் கதை தனி. செஜொங் செய்த எழுத்துகளில் சில இன்று வழக்கில் இல்லை. அக்கால நூல்களில் மெய்கள் மூன்று மூன்றாகக்கூட அடுக்கி நிற்கும். அந்த எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் பதினாறு லட்சத்தைத் தாண்டும். அதற்கு யாராலும் கட்டம் கட்டமாக எண் கொடுக்க முடியாது. நெடுநாள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கட்டங்களை, யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கு என்று விட்டுவைத்த பகுதியில் போட்டு ஒப்பேற்றினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பழைய இலக்கியம் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தது. 2009இல் பதிப்பு 5.2 விடுபட்ட பழைய ஜாமோக்களைச் சேர்த்த பிறகுதான், அவற்றை ஒன்றன் பின் ஒன்றாக எழுதி எழுத்துருவின் விதிகளால் கட்டமாக்கும் வழி ஒழுங்காக அமைந்தது. இன்றைய மொழிக்குக் கட்டம், அன்றைய மொழிக்குத் துண்டு. 1987இல் வெளியே நிறுத்தப்பட்ட சேர்ப்பு முறைதான் கடைசியில் பழைய நூல்களுக்கு வழி கொடுத்தது.

இந்தக் கணக்கை எல்லாம் கொரியர்கள் தினமும் தங்களுக்குத் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். தொலைபேசியில் பெயர் தேடும்போது முழுப் பெயரைத் தட்ட மாட்டார்கள். முதல் மெய்களை மட்டும் தட்டுவார்கள். ககரம் ஒன்றைத் தட்டினால், 44032இலிருந்து 44619 வரை உள்ள 588 கட்டத்தில் தொடங்கும் பெயர் எல்லாம் வந்து நிற்கும். 44608 ஆன ‘கிம்’ கட்டாயம் இருக்கும்.

இலக்கணத்துக்கும் இதே வகுத்தல் உதவும். கொரிய மொழியில் எழுவாய்க்குப் பின்னால் வரும் இடைச்சொல், முன்னால் உள்ள அசை மெய்யில் முடிந்தால் ‘இ’, உயிரில் முடிந்தால் ‘கா’. ‘சுஜின்’ வந்தார் என்றால் ‘சுஜின் இ’. ‘மின்சு’ வந்தார் என்றால் ‘மின்சு கா’. எது வரும் என்று கண்டுபிடிக்க அகராதி வேண்டாம். ‘ஜின்’ 51652. 44032ஐக் கழித்தால் 7620, அதை 28ஆல் வகுத்தால் மீதி 4. ஆக மெய்யில் முடிகிறது. ‘சு’ 49688. கழித்தால் 5656, 28ஆல் வகுத்தால் மீதி இல்லை, உயிரில் முடிகிறது. அப்படி இருந்தும் பல செயலிகளின் அறிவிப்புகளில் பெயருக்குப் பின்னால் ‘இ(கா)’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதி, எது பொருந்தும் என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறார்கள். ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போட்டிருந்தால் அந்த அடைப்புக்குறி வந்திருக்காது.